ஈயைச் சிறைவைக்கும் பூ

"ஏனுங்க, பாறை இடுக்குல ஒரு கொடி. பூவைப் பிச்சுப் பாத்தா உள்ள அஞ்சாறு ஈ உசுரோட இருக்குது. இது ஈயைத் திங்கற செடிங்களா?" காங்கேயம் பக்கம் கல்குவாரியை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் படத்தோடு கேட்டிருக்கிறார்.

தின்னாதுங்க. படத்தில் இருப்பது செரோபீஜியா ஜன்சியா, எருக்கின் குடும்பம். இலை பேருக்குத்தான், சதைப்பற்றுள்ள பச்சைத் தண்டே உணவு தயாரிக்கிறது. ஒரு சாண் மண்கூட இல்லாத பாறையில், கள்ளிப் புதரைப் பற்றிக்கொண்டு கோடையைத் தாண்டுவது அதனால்தான்.

பூவுக்கு வருவோம். நீண்ட குழாய், அடியில் உப்பிய அறை, மேலே ஐந்து இதழ்களும் நுனியில் கூடி ஒரு கூண்டு. செரோபீஜியா என்கிற இந்தப் பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) வாசத்தால் பொய் சொல்லும். தென்னாப்பிரிக்காவின் செரோபீஜியா சாண்டர்சோனியை, சிலந்தியிடம் சிக்கிய தேனீயின் வாசத்தையே வெளியிடுகிறது என்று 2016-இல் காட்டினார்கள். அடிபட்ட தேனீயின் சாற்றைக் குடிக்கும் குட்டி ஈக்கள் விருந்தென்று நம்பி வருகின்றன.

வந்த ஈ வழுக்கிக் குழாய்க்குள் விழுகிறது. உட்சுவரில் உள்ள முடிகள் எல்லாம் கீழ்நோக்கியே இருக்கும். இறங்கலாம், ஏற முடியாது. பல இனங்களில் அடி அறையின் சுவர் வெளிச்சம் புகும்படி மெலிந்திருக்கும். வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் வழி என்று ஈ இன்னும் உள்ளே போகிறது. அங்கே கொஞ்சம் தேன். குடிக்க வாயை நீட்டினால் அது ஒரு நுண்ணிய பிளவில் மாட்டுகிறது. இழுத்தால், துணி காயப்போடும் கிளிப் போல ஒன்று கவ்விக்கொள்கிறது. அதன் இருபுறமும் இரண்டு மகரந்தப் பொட்டலங்கள். எருக்கைப் போலவே இதற்கும் மகரந்தத்தைத் தூளாக இறைக்கும் பழக்கமே கிடையாது. பிறகு குழாயின் முடிகள் வாட, விடுதலை. பட்டும் புத்தி வராத அந்த ஈ இன்னொரு பூவில் விழ வேண்டும், பொட்டலம் அங்குள்ள பிளவில் சரியாகச் செருக வேண்டும். அப்போதுதான் காய்.

ஆக, எட்டுகிற தூரத்தில் இன்னொரு கொடி வேண்டும். பாறைக்கு வெடி வைத்தால் போவது கொடி மட்டுமல்ல. கள்ளி, சிலந்தி, அந்த ஈ பிழைக்கிற இடம் எல்லாமே ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரி ஏறிவிடும். "புடுங்கி வேற எடத்துல நட்டுட்டாப் போச்சு" என்பார்கள். துண்டு வேர்விடும், தொட்டியில் பூக்கவும் பூக்கும். ஈயை யார் நடுவது? திசு வளர்ப்பு ஆய்வுக்குப் பணம் கிடைத்துவிடுகிறது. பாறையோரம் உட்கார்ந்து ஈ பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை. வேதகாலச் சோமக்கொடி இதுதான் என்று வேரோடு பிடுங்கிப் போகிறவர்கள் மேல் எனக்குக் குவாரிக்காரர்களைவிடக் கோபம் அதிகம். கல்லாவது வீடு கட்ட ஆகும்.

உங்கள் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கிளுவை வேலியோரமும் தேடிப் பாருங்கள். பூ கிடைத்தால் பிய்க்க வேண்டாம். மெல்லிய கொம்புபோல் காய் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். காய் வெடித்தால் எருக்கைப் போலவே பட்டு முடியோடு விதை பறக்கும். காய் இருந்தால், அங்கே ஈ இன்னும் வேலை செய்கிறது.