கல்லடி பட்டாலும் உப்புப் படக்கூடாது: ஜீப்பின் அடிப்பாகத்தைச் சீர்செய்தல்

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், மணற்காட்டிலிருந்து நாகர்கோவில், மருதங்கேணிப் பக்கம் மணற்பாதையில் அடிக்கடி ஓடும் ஒரு ஜீப்பையோ டபிள் கப்பையோ ஜக் போட்டு உயர்த்திக் கீழே பார்த்தால், மூன்று விதமான காயங்கள் தெரியும். சில்லுக்குப் பின்னால் பெயின்ற் முழுதாகத் தேய்ந்து இரும்பு மினுங்கும். அது மணலின் வேலை. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸ் மணல் 7, சாதாரண இரும்பு 4 முதல் 5 வரைதான். ரயர் வீசியெறியும் ஒவ்வொரு மணியும் ஒரு சிறு உளி. இரண்டாவது, செசியின் (வாகனத்தைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தின்) குறுக்குச் சட்டத்திலோ, எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் ஒயில் சம்பிலோ விழுந்த நெளிவு. எங்கள் சுண்ணாம்புக்கல்லின் கடினத்தன்மை ஏறக்குறைய 3, அது இரும்பைச் சீவாது. ஆனால் இரண்டு தொன் வாகனம் ஒரு கல்முனையில் இறங்கினால் எந்தத் தகடும் நெளியும். மூன்றாவது காயம் காயமாகவே தெரியாது: மூலைமுடுக்கெல்லாம் அப்பிக் காய்ந்த களப்புச் சேறு. வாகனத்தைக் கொல்வது இதுதான். முதல் இரண்டும் அதற்குக் கதவு திறந்து விடுகின்றன, அவ்வளவே.

இரும்பு கறள் பிடிப்பது ஒரு மின்வேதிச் செயல். ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரோன்களை இழந்து கரைகிறது. இன்னோரிடத்தில் ஒட்சிசனும் நீரும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. இரண்டு இடங்களையும் இணைக்க மின்கடத்தும் ஈரம் வேண்டும். மழைநீர் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு, கோடையில் வற்றும் களப்பில் அதைவிடக் கூட. போதாக்குறைக்கு, உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். சோடியம் குளோரைட்டுக்குக் காற்றில் 75 சதவீத ஈரப்பதன் போதும், கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே வெயிலில் காய்ந்ததுபோல் தெரியும் சேறு இரவில் திரும்பவும் ஈரமாகிறது. குளோரைட் இந்தச் செயலில் செலவாகி முடிவதும் இல்லை. கரைந்த இரும்போடு சேர்ந்து, நீரில் பிரிந்து, அமிலத்தை உண்டாக்கிவிட்டு மறுபடி விடுபட்டு அடுத்த இரும்பைத் தேடிப் போகிறது. அதற்கு மேலே பெயின்ற் அடித்தால், படலத்தின் ஊடாக நீரை இழுத்துக் கொப்புளம் கட்டும்.

சேறு அப்பிய இடத்தில் இன்னொரு கேடும் உண்டு. அப்பலின் நடுவே ஒட்சிசன் குறைவு, ஓரத்தில் அதிகம். ஒட்சிசன் குறைந்த பகுதியே கரையும் பகுதியாகிறது. அதனால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே குழி விழும். வெறும் உப்புக்காற்றில் நிற்கும் செசி பரவலாகச் சிவக்கும். சேற்றைச் சுமந்து நிற்கும் செசி ஓரிடத்தில் ஓட்டையாகும்.

எனவே திருத்த வேலை ஸ்பனரில் தொடங்காது, தண்ணீரில் தொடங்கும். சேறு காயமுதல், முடிந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். செசியின் பெட்டிச் சட்டங்களில் உள்ள துளைகளுக்குள் குழாயை விட்டு, மறுமுனையால் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட வேண்டும். குறுக்குச் சட்டங்களின் மேற்பக்கம், டீசல் தாங்கிக்கும் அதன் காப்புத் தகட்டுக்கும் இடையிலான இடுக்கு, ஸ்பிரிங் கொளுவும் இடங்கள் ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்ப்பதே நம்பகமானது. அமுக்கத் தாரையை அச்சு முனைச் சீல்களுக்கும் ரப்பர் உறைகளுக்கும் நேரே பிடித்தால் நீரை உள்ளே அடித்துவிடுவீர்கள்.

எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதும் முக்கியம். வலிகாமத்தின் உட்பகுதிக் கிணறுகளில் நன்னீர், சுண்ணாம்புப் பாறைக்குள் உவர்நீருக்கு மேலே வில்லைபோல் மிதக்கிறது. கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் அந்த வில்லை மெல்லியது, இறைக்க இறைக்க உவர் ஏறும். நாக்கில் வைத்தால் கரிக்கும் நீரால் கழுவிவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பதில் பயனில்லை. சேற்றைக் கழற்ற அது போதும். கடைசிக் கழுவலுக்கு நன்னீர் அல்லது சேமித்த மழைநீர் வேண்டும். ஒரு பீப்பாய் போதும்.

கறளைத் தடுக்கக் கழிவு ஒயில் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது புஷ்களின் ரப்பரை ஊதவைக்கும், மணலைப் பிடித்துவைக்கும், சொட்டி நிலத்தில் இறங்கும். வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை அதை வடிகட்டாமலே கிணற்றுக்குக் கொண்டுபோகும். செய்யவே கூடாத வேலை.

கழுவிய பிறகு பரிசோதனை. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக்கூடாது. வாகனத்தை இரும்பு முட்டுக்கால்களில் இருத்துங்கள். மணல் நிலமென்றால் அவற்றுக்கு அடியில் தடித்த பலகை, சில்லுகளுக்கு முட்டு. சிறிய சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கியது மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் திருப்புளியால் குத்தினால் உண்மை தெரியும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் தகடுகளையே பிளந்து தள்ளும்.

பிரேக் குழாயில் குழி விழுந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டாமல், இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புவரை மாற்றவேண்டும். பல வாகனங்களில் குழாயின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீற்றர். செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் உப்பைத் தாங்கும். தனிச்செம்புக் குழாய் வளைக்க இலகு என்று போடுகிறார்கள். அதிர்வில் அது இறுகிப்போய் வெடிக்கும், வாங்காதீர்கள். அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் பற்சக்கரப் பெட்டியின் ஒயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால்போல் இருந்தால் நீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான அச்சுப்பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளையாலும் சீலாலும் நீரை உறிஞ்சும். ஒயிலை மாற்றுவது பாதிப் பரிகாரம். மூச்சுத்துளைக்கு ஒரு ரப்பர்க் குழாய் கொளுவி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோவது மீதிப் பாதி.

ஒயில் சம்பில் விழுந்த நெளிவு சின்னதாகத் தெரிந்தாலும் கழற்றிப் பார்ப்பது நல்லது. ஒயிலை உறிஞ்சும் வலைக்கும் சம்பின் அடிக்கும் இடையே இருப்பது சிறிய இடைவெளிதான். நெளிவு அதை அடைத்தால் ஒயில் ஒழுகாமலே எஞ்சின் ஒயிலின்றித் தவிக்கும். செசி வளைந்திருக்கிறதா என்றறிய, இரு பக்கமும் ஒத்த புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு நிலத்தில் அடையாளமிட்டு மூலைவிட்டங்களை அளக்கலாம். 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் செசி நிமிர்த்தும் வசதியுள்ள கராஜுக்கு அனுப்புங்கள். சிவக்கக் காய்ச்சி நிமிர்த்துவது பழைய ஜீப்புகளில் ஒருவாறு சரிவரலாம். புதிய வாகனங்களின் உயர்வலிமை இரும்பு அந்தச் சூட்டில் தன் பலத்தை இழக்கும்.

மடிப்பில்லாத ஆழமற்ற நெளிவை அப்படியே விடலாம். வெடிப்பை விடமுடியாது. வெடிப்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, மேலே சோக்குப்பொடி தூவினால் வெடிப்புக்குள் நின்ற எண்ணெய் கோடாக ஊறி வரும். இரு நுனிகளுக்கும் சற்று அப்பால் 3 மில்லிமீற்றர் துளையிட்டால் வெடிப்பு மேலே ஓடாது. கூர்மையான நுனியில் குவியும் தகைப்பை அந்த வட்டம் பரவலாக்கிவிடும். பிறகு வெடிப்பை வீ வடிவில் அரைத்து, வெல்டிங் செய்து, மட்டமாக்கி, அதன்மேல் ஒட்டுத்தகடு வைக்கலாம். தகடு செசியின் தடிப்பிலேயே இருக்கட்டும், பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீற்றர். தடித்த தகடு வைத்தால் அது முடியும் ஓரத்தில் புதிய வெடிப்பு வரும். நேர்ச்சதுரத் தகடும் அப்படித்தான்: அதன் செங்குத்து ஒட்டுக்கோடு சட்டத்துக்குக் குறுக்கே ஒரே இடத்தில் சூட்டால் பலம் குறைந்த கீற்றை உண்டாக்கும். சாய்சதுரமாக வெட்டி மூலைகளை உருட்டிவிட்டால் சுமை படிப்படியாகத் தகட்டுக்கு மாறும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் ஒட்டு வைக்கவேண்டாம், இழுவிசை அதிகம் வருவது அங்கேதான்.

வெல்டிங்குக்கு முன் பற்றறியின் மறை முனையைக் கழற்றுங்கள். புவி இணைப்புக் கவ்வியை ஒட்டுமிடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், இல்லாவிட்டால் மின்னோட்டம் சில்லுப் பெயாரிங்கின் வழியே போய் அதைச் சுட்டுவிடும். எரிபொருள் தாங்கியும் குழாய்களும் அருகில் இருந்தால் கழற்றியே ஆகவேண்டும். மிக் வெல்டிங்கில் 0.8 மில்லிமீற்றர் கம்பி, 25 மில்லிமீற்றர் துண்டுகளாக, இடையிடையே ஆறவிட்டு. குச்சி வெல்டிங்கென்றால் 2.5 மில்லிமீற்றர் 6013 குச்சி, 60 முதல் 90 அம்பியர். 2 மில்லிமீற்றர் தகட்டில் அது இலகுவில் ஓட்டை போடும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டை ஒட்டினால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலைத் தரும். பூச்சை அரைத்தெடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்தது பலர் அவசரப்படும் இடம். கிரைண்டரில் கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்தால் கறள் போகாது, மெருகேறும். பழுப்பாக மினுங்கும் அந்தப் பரப்பு சுத்த இரும்பு மாதிரித் தெரியும், அதன்மேல் அடித்த பெயின்ற் ஆறு மாதத்தில் உரியும். 60 அல்லது 80 இலக்க மடிப்பு எமரி வட்டு நல்லது, மணல் வீச்சு அதைவிட நல்லது. குழிகள் திறந்த பின்னர் மறுபடி நன்னீரால் கழுவுங்கள், உப்பு ஒளிந்திருந்தது அந்தக் குழிகளில்தான். துடைத்து ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். கருத்த ஈரப்புள்ளிகள் திரும்ப வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. இந்தப் படியை இரண்டு மூன்று முறை செய்வது சலிப்பூட்டும். ஆனால் முழு வேலையிலும் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

எட்டமுடியாத இடுக்குகளில் எஞ்சும் மெல்லிய கறளுக்குக் கறள் மாற்றித் திரவம் பூசலாம். பொஸ்போரிக் அமிலம் அதை இரும்புப் பொஸ்பேற்றாக்கும், தனிக் அமிலம் கரிய இரும்புத் தனேற்றாக்கும். கடுக்காய் மையைக் கறுக்கவைத்த அதே இரசாயனம். உதிரும் கறளின்மேல் இரண்டும் பயனற்றவை. நாகம் செறிந்த பிரைமர் வெற்றிரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும், நாகம் தன்னைக் கரைத்து இரும்பைக் காப்பாற்றும். அதை மாற்றித் திரவத்துக்கு மேலே அடிப்பது காசைக் கரைப்பது. அங்கே இரு கூறு எப்பொக்சி பிரைமரே போதும், இரண்டு பூச்சு. எங்கள் வெக்கையில் கலந்த எப்பொக்சி வேகமாக இறுகும், சிறிது சிறிதாகக் கலக்குங்கள். இரும்பின் வெப்பநிலை பனிபடுநிலையைவிடக் (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிடக்) குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்கவேண்டும். காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையில் அடித்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சோளகம் பலமாக வீசும் நாளில் வெளியில் அடித்தால் புழுதியும் உப்பும் சேர்ந்தே ஒட்டும்.

தாரடிப்படைக் கறுப்புப் பூச்சை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. வெயிலில் காய்ந்து வெடித்து, உவர்நீரை உள்ளே இழுத்து, கறளைக் கண்ணுக்கு மறைத்துவிடும். சில்லு வளைவுகளில் ரப்பர்த் தன்மையுள்ள கல்லடிப் பூச்சும், மற்ற இடங்களில் மெழுகு அல்லது லனோலின் (ஆட்டுரோமக் கொழுப்பு) பூச்சும் போதும். மெழுகு வருடாவருடம் தேய்ந்து போகும், ஆனால் என்ன தேய்ந்தது என்பது தெரியும். வெல்டிங் சூடு பெட்டிச் சட்டத்தின் உள்பெயின்றையும் எரித்திருக்கும். அங்கே எல்லாப் பக்கமும் விசிறும் நுனியுள்ள நீண்ட குழாயால் மெழுகு செலுத்தவேண்டும், முழுச் செசிக்கு ஏறக்குறைய 3 லீற்றர். பின்னர் வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பிரேக் தட்டிலும் புகைக்குழாயிலும் படாமல் மூடிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அடிப்பாகத்தைக் கல்லடியிலிருந்து காக்கும் காப்புத் தகடு. ஒரு சதுர மீற்றர் 4 மில்லிமீற்றர் இரும்புத் தகடு 31 கிலோ, 6 மில்லிமீற்றர் அலுமினியம் 16 கிலோ. இரும்பு கல்லில் வழுக்கிப் போகும், அலுமினியம் கல்லில் சிக்கிச் சீவுப்படும். அத்தோடு உப்பீரத்தில் இரும்போடு தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரிக்கும், இடையே நைலோன் வாஷர் வேண்டும். மணற்பாதை மட்டும் என்றால் அலுமினியம், நெடுந்தீவு மாதிரிக் கல்லுத்தரை என்றால் இரும்பு. சம்புக்கும் தகட்டுக்கும் இடையில் குறைந்தது 20 மில்லிமீற்றர் இருக்கட்டும். தகட்டைச் செசியில் பூட்டுங்கள், கியர்பெட்டியில் அல்ல. மரையாணித் தலைகள் தகட்டுக்குள் பதிந்திருக்காவிட்டால் முதல் கல்லிலேயே தேய்ந்து, பிறகு எந்த ஸ்பனரும் பிடிக்காது. பல தகடுகளில் ஒயில் மாற்றத் துளை இருக்கும், நீர் வடியத் துளை இருக்காது. தாழ்ந்த இடங்களில் 12 மில்லிமீற்றர் துளைகள் போட்டுக்கொள்ளுங்கள். கழற்ற அரைமணி எடுக்கும் தகட்டை யாரும் கழற்றிக் கழுவமாட்டார்கள், கழுவாத தகடு சேற்றைச் சுமக்கும் தட்டம்தான். தரவையில் ஓடினால் காய்ந்த புல்லும் அதற்குள் சேரும், பக்கத்தில் புகைக்குழாய் சூட்டோடு இருக்கும்.

தகட்டைப் பூட்டும் மரையாணிகள் பத்து மில்லிமீற்றர், 8.8 தரம். காய்ந்த மரைக்கு 45 நியூற்றன் மீற்றர் அளவு முறுக்கம் போதும். இறுகாமலிருக்க மரையில் கிறீஸ் பூசினால் அதிலும் சற்றுக் குறைக்கவேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள். மெழுகைப் புரட்டாதியில், வாடை மழை தொடங்கமுதல், தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுப்பியுங்கள்.