சமல்யோத்: தானே பறப்பது

1980களின் நடுவில், அன்றைய சோவியத் யூனியனின் கார்க்கோவ் நகரில், வெளிநாட்டு மாணவர்களுக்கான முதலாண்டு ரஷ்ய மொழி வகுப்பில் இந்தச் சொல்லை நான் 'சமலேத்' என்று வாசித்தேன். ஆசிரியை எழுந்து வந்து என் புத்தகத்தில் 'யெ' எழுத்தின் தலையில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தார். புள்ளி வைத்தால் 'யோ', வைக்காவிட்டால் 'யெ'. ஆனால் ரஷ்யர்கள் பெரும்பாலும் அதை அச்சிடுவதே இல்லை. படிக்கிறவனுக்குத் தெரியாதா என்று விட்டுவிடுவார்கள், நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதைப் போல. சரி, சொல் சமல்யோத். பொருள், விமானம்.

பிரித்தால் இரண்டே துண்டு. 'சாம்' என்றால் தான், தானே. 'ல்யோத்' என்பது பறத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தானே பறப்பது என்று ஆகிறது. முதல் துண்டு நமக்கும் கொஞ்சம் பழக்கம்தான். கேரளத்து டீக்கடைகளில் பித்தளையில் பளபளவென்று நிற்குமே சமோவார், அதில் இருப்பதும் இதே 'சாம்': தானே கொதிப்பது. ரஷ்ய மொழியில் இந்தக் குடும்பம் பெரியது. சமஸ்வால் என்றால் சரக்கைத் தானே கொட்டும் டிப்பர் லாரி. சமகோன் என்றால் வீட்டிலே தானே காய்ச்சிய சாராயம். சமிஸ்தாத் என்றால் அரசின் தணிக்கைக்குப் போகாமல் தானே தட்டச்சு செய்து கைமாற்றிக்கொண்ட எழுத்து. ஒரு நாட்டின் வரலாற்றில் பாதியை இந்த ஒரு முன்னொட்டை வைத்தே சொல்லிவிடலாம்போல.

விமானத்துக்காகப் புதிதாகச் செய்த சொல் இல்லை இது. விமானம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் 'கவ்யோர்-சமல்யோத்' உண்டு. கவ்யோர் என்றால் கம்பளம். இளவரசன் ஏறி உட்கார்ந்தால் கம்பளம் தானே பறக்கும். கதையிலிருந்து இறங்கி ஆற்றங்கரைக்கும் இந்தச் சொல் வந்திருக்கிறது. ஆற்றின் மேல்பக்கம் நங்கூரமிட்ட நீளமான கயிற்றில் படகைக் கட்டி, நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பி வைத்தால், ஓட்டமே படகை அக்கரைக்குத் தள்ளிவிடும். துடுப்பும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அந்தப் படகுக்கும் சமல்யோத் என்றே பெயர். நெசவுத்தறியில் கயிற்றைச் சுண்டினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தானே ஓடும், ஊடுநூல் சுமக்கும் நாடாவையும் இதே சொல்லால் அழைத்தார்கள். 1853-ல் வோல்கா ஆற்றில் நீராவிக் கப்பல் விட ஒரு நிறுவனம் தொடங்கியபோது அதற்கும் 'சமல்யோத்' என்று பெயர் வைத்தார்கள். விமானம் பறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சமல்யோத்தில் டிக்கெட் எடுத்து மக்கள் பயணம் போயிருக்கிறார்கள், தண்ணீர்மேல்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. 1880-ல் விக்தர் வஸ்னெத்சோவ் இந்தக் கம்பளத்தைப் பெரிய ஓவியமாக வரைந்தார். கூண்டில் நெருப்புப் பறவையோடு இளவரசன் மேகங்களுக்கு நடுவே கம்பளத்தின்மேல் நிற்பான். படத்தை வரையச் சொன்னவர் சாவ்வா மாமன்தோவ் என்ற ரயில்வே முதலாளி. ரயில் கம்பெனியின் அலுவலகச் சுவரில் மாட்டுவதற்காக! கம்பெனி நிர்வாகிகளுக்கு அது பிடிக்காமல் போய்விட்டது.

உண்மையான விமானம் வந்தபோது ரஷ்யர்கள் முதலில் எடுத்துக்கொண்டது பிரெஞ்சு வழியாக வந்த 'அயெரப்லான்'. புரட்சிக்குப் பிறகு, 1920களிலும் 30களிலும், அது மெல்ல ஒதுங்கி, பாட்டி கதைச் சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே போக்கில்தான் 'கெலிகாப்தெர்' போய் 'வெர்த்தல்யோத்' வந்தது, சுழன்று பறப்பது. அந்தச் சொல்லை உருவாக்கியவர் என்று நிக்கலாய் காமோவைச் சொல்வார்கள், ஹெலிகாப்டர் வடிவமைத்தவரேதான். 1923-ல் தொடங்கிய முதல் சோவியத் விமான நிறுவனத்தின் பெயர் 'தப்ரல்யோத்', அதிலும் அந்த 'ல்யோத்'. 1932-லிருந்து ஏரோஃப்ளோட். 'ஃப்ளோட்' என்றால் கப்பற்படை, கப்பல் கூட்டம். இந்தப் பெயர் நம்மவர்களுக்கும் அந்நியமில்லை. எங்களைப் போலப் படிக்கப் போனவர்கள் ஒரு பக்கம். 1980களில் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்டில் போய் இறங்கி, அங்கிருந்து மேற்கே கடந்த ஈழத்தமிழர்கள் இன்னொரு பக்கம்.

சொல் போகட்டும், பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். நான் முதலில் ஏறிய சமல்யோத் இல்-62. 'இல்' என்பது இல்யூஷின், 'தூ' என்பது துபோலெவ், 'அன்' அன்தோனவ், 'யாக்' யாக்கவ்லெவ்; விமானத்தின் பெயரே வடிவமைப்பாளரின் தலைப்பெழுத்துதான். துபோலெவ் 1937-ல் கைதாகி, சிறைக்குள்ளேயே விமானம் வரைந்தவர் என்பதை அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இல்-62க்கு நான்கு எஞ்சினும் வாலோரம்தான். ஆளும் சரக்கும் இல்லாமல் நிற்கும்போது பின்பாரம் தாங்காமல் வால் உட்கார்ந்துவிடும் என்று, பின்னால் சின்னச் சக்கரம் வைத்த ஒரு கால் இறக்கி ஊன்றியிருப்பார்கள். கம்பு ஊன்றி நிற்கும் பெரியவர் மாதிரி இருக்கும். பயணிகள் ஏறி எல்லாம் சரியான பிறகு கம்பை மடக்கிக்கொண்டு கிளம்பும்.

கார்க்கோவுக்குப் போனது தூ-134. அந்த விமானத்தைச் செய்த தொழிற்சாலையே கார்க்கோவில்தான் இருந்தது, எனவே ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் ஒரு சொந்தம். மூக்கு கண்ணாடியாக இருக்கும். குண்டுவீச்சு விமானத்திலிருந்து தூ-104 பிறந்தது, அதன் வழியாக வந்த சாடை. விமானிகள் இருவருக்கும் நடுவே நுழைந்து கீழே இறங்கினால் அந்தக் கண்ணாடி மூக்குக்குள் வழிகாட்டி ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். விமானத்திலேயே நல்ல ஜன்னல் சீட் அவருக்குத்தான். எங்களுக்கு வட்ட ஜன்னல், அதற்கு ஒரு சின்னத் திரைச்சீலை. ரஷ்யர்கள் இந்த வகை விமானங்களைச் செல்லமாக 'தூஷ்கா' என்பார்கள். 'தூ'வைச் சுருக்கிக் கொஞ்சியது அது, ஆனால் அதே சொல்லுக்கு உரித்த கோழி என்றும் பொருள் உண்டு. ஏரோஃப்ளோட்டின் சிறகு வைத்த அரிவாள்–சுத்தியல் சின்னத்தையும் ஊழியர்கள் கோழி என்றேதான் சொல்வார்களாம். உள்ளே தட்டில் வருவதும் பெரும்பாலும் சோறும் கோழியும். அப்புறம் யோசித்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

கிளம்புவதற்கு முன் பணிப்பெண் தட்டில் புளிப்பு மிட்டாய் கொண்டுவருவார். 'வஸ்ல்யோத்னயா' என்று பெயர், 'மேலேறும்போது தின்னும் மிட்டாய்' எனலாம். உமிழ்நீரை விழுங்கிக்கொண்டே இருந்தால் காது அடைக்காது. அந்தப் பெயரிலும் அதே வேர்: வஸ்ல்யோத் என்றால் மேலெழுதல், பல்யோத் பறப்பு, பிரில்யோத் பறந்து வந்து சேர்தல். விமான நிலையத்து அறிவிப்பு முழுக்க ஒரே வேரின் கிளைகள். நம் அறிவிப்புகளில் புறப்பாடு, வருகை என்று பேருந்துக்கும் பொருந்தும் சொற்களே இருக்கின்றன.

ஆனால் ரஷ்ய மொழிக்கும் ஓர் இடத்தில் சறுக்கல் உண்டு: 'பசாத்கா'. உட்காரவைத்தல் என்ற கருத்திலிருந்து வந்த சொல். விமானத்தில் ஆட்களை ஏற்றுவதும் பசாத்கா, விமானம் தரையில் வந்து உட்கார்வதும் பசாத்கா. வந்த புதிதில், நான் போகவேண்டிய விமானத்துக்கு பசாத்கா என்று ஒலிபெருக்கி சொன்னதும், இப்போதுதான் இறங்குகிறது போலிருக்கிறது, இன்னும் நேரமிருக்கிறது என்று பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த நண்பன் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் அன்று விமானத்தைத் தவறவிட்டிருப்பேன்.

இனி, இதற்குத் தமிழ் என்ன? அன்றாடத்தில் விமானம், அதில் தகராறில்லை. 'அளத்தல்' என்ற வேரில் பிறந்த வடசொல் அது. தேவர் ஊர்தி, கருவறைக் கோபுரம் என்று பல பொருள் தாங்கி வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாம் அண்ணாந்து பார்ப்பதும் விமானம்தான். அதனால்தான் பழைய பத்திரிகைகள் 'ஆகாய விமானம்' என்று அடைமொழி சேர்த்து எழுதின. தனித்தமிழில் வானூர்தி. ஹெலிகாப்டருக்கு இலங்கைத் தமிழில் உலங்குவானூர்தி. பழைய அகராதிகளில் உலங்கு என்றால் ஒருவகைக் கொசு. வெர்த்தல்யோத்தைவிட இது எனக்குக் கூடுதலாகவே பிடிக்கும்.

வானூர்தி இக்காலத்தவர் கட்டிய சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. புறநானூறு 27-ஆம் பாட்டைப் பாருங்கள். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் சொல்கிறார்: புலவர் பாடும் புகழுடையோர் 'வலவன் ஏவா வான ஊர்தி' அடைவார்களாம். வலவன் என்றால் ஓட்டுபவன். ஓட்டுபவன் செலுத்தாமல் தானே போகும் வான ஊர்தி. சமல்யோத்தை இதைவிடச் சரியாக யாராலும் மொழிபெயர்க்க முடியாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இளவரசன் உயிரோடு கம்பளத்தில் ஏறுகிறான், நம் ஊர்தியில் ஏற முதலில் சாகவேண்டும்.

நாம் ஊர்தியை வைத்துக்கொண்டு 'வலவன் ஏவா'வை விட்டுவிட்டோம். ரஷ்யர்கள் 'தானே' என்பதை விடவில்லை, கண்ணாடி மூக்கில் ஒருவர், மேலே இருவர் என்று உட்கார்ந்து ஓட்டிய பிறகும். மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தூ-134ஐ வானூர்தி என்றோ விமானம் என்றோ எழுதுங்கள், பழுதில்லை. 'கவ்யோர்-சமல்யோத்' வந்தால் 'பறக்கும் கம்பளம்' என்று போடுவதைத் தவிர வழியில்லை. 'வானூர்திக் கம்பளம்' என்று எழுதிப் பார்த்தேன், வீட்டுப் பிள்ளைகள் அதற்கு சீட் பெல்ட் எங்கே என்று கேட்கிறார்கள்.