முதலில் வெயிலை வெளியே நிறுத்துங்கள், ஏசி அப்புறம்

இந்தக் கோடையில் இது எட்டாவது வீடு. சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, கடைசி மாடி. “ஒன்றரை டன் ஏசி, ஃபைவ் ஸ்டார் சார். ஹால் குளிரவே மாட்டேங்குது. ரெண்டு டன்னா மாத்திரலாமா?” என்று ஃபோன். நான் எனர்ஜி ஆடிட் செய்கிறவன், அதாவது வீட்டில் கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்க்கிறவன், ஏசி மெக்கானிக் இல்லை என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனேன்.

மாலை 4 மணி. ஹாலுக்கு மேற்கே சுவரே கிடையாது. பத்தடி அகலம், ஏழடி உயரத்துக்கு ஸ்லைடிங் கண்ணாடி. உள்ளே தடிமனான மெரூன் திரை. “வெயில் வரக்கூடாதுன்னுதான் சார் நல்ல ஸ்க்ரீனா போட்டோம்” என்றார் வீட்டுக்கார அம்மா. தொட்டுப் பாருங்கள் என்றேன். இஸ்திரிப் பெட்டியை அப்போதுதான் எடுத்ததுபோல் இருந்தது துணி.

நான் அலுத்துப்போனது இந்தத் திரை விஷயத்தில்தான். திரை வெளிச்சத்தை மறைக்கும், சூட்டை மறைக்காது. கண்ணாடியைத் தாண்டியதுமே வெயில் உங்கள் வீட்டுக்குள் வந்தாயிற்று. அப்புறம் அது திரையில் விழுந்தால் என்ன, சோபாவில் விழுந்தால் என்ன? திரை சூடாகும், அந்தச் சூடு அறையில்தான் கலக்கும். உள்ளே வந்த வெயில் சூடாக மாறிவிட்டால் கண்ணாடி அதை லேசில் திரும்ப வெளியே விடாது. வெயிலில் கதவை மூடி நிறுத்திய காருக்குள் உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைத் திரையானால் கொஞ்சத்தைச் சூடாக்காமல் வெளிச்சமாகவே திருப்பி அனுப்பும். மெரூன் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும்.

கணக்காகவே சொல்கிறேன். அந்தக் கண்ணாடி சுமார் 6.5 சதுர மீட்டர். கோடை மாலையில் மேற்குப் பக்கம் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 500 வாட் வெயில் விழுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் 80 சதவீதத்தை உள்ளே விடும். மொத்தம் 2,600 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 3,500 வாட் சூடு. ஆக, ஒன்றரை டன்னில் முக்கால் டன்னை அந்த ஜன்னலே தின்றுவிடுகிறது. இரண்டு டன் போட்டாலும் அது தின்னத்தான் போகிறது. கரண்ட் பில் உங்களுடையது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கண்ணாடிக்கு வெளியே, பால்கனி விளிம்பில் மூங்கில் தட்டி கட்டுங்கள். மேற்குப் பக்கத்துக்குச் சன்ஷேடை மட்டும் நம்பாதீர்கள். சாயங்கால வெயில் தாழ்வாக வரும், சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். அதை மறைக்க நேர்செங்குத்தாக ஏதாவது தொங்க வேண்டும். நம் பாட்டிமார் வீட்டுத் தாழ்வாரத்தில் தட்டி தொங்கியது அழகுக்காக இல்லை.

அடுத்தது மொட்டை மாடி. ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை சென்னையில் உச்சிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அந்த மாதங்களில் வீட்டிலேயே அதிக வெயில் வாங்குவது கூரைதான். அதே வீட்டில் இரவு 10 மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தை அளந்தேன்: 38 டிகிரி. உடம்பைவிடச் சூடான ஒரு பலகையின் கீழே படுத்துத் தூங்கப் பார்க்கிறார்கள். ஃபேன் என்ன செய்யும், பாவம்!

எகோ நிவாஸ் சம்ஹிதா என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வீடுகளுக்கான விதித்தொகுப்பு, கூரையின் ‘யூ-வேல்யூ’வை 1.2க்குள் வைக்கச் சொல்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை வழியே எத்தனை வாட் சூடு கடக்கும் என்பதுதான் அந்த எண். மேலே எதுவும் போடாத ஆறங்குலக் கான்கிரீட்டுக்கு அது 3ஐத் தாண்டும். வீடு வாங்குமுன் பில்டரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள். மாடுலர் கிச்சனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர் அப்போது என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

ஏற்கெனவே கட்டிய வீடா? மாடியில் வெள்ளைப் பூச்சு அடியுங்கள், அல்லது வெள்ளை ஓடு பதியுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுங்கள், தூசி படிந்தால் வெள்ளைக்குப் பலன் இல்லை. ஃபால்ஸ் சீலிங் ஓரளவு தடுக்கும், ஆனால் கான்கிரீட் சூடேறிய பிறகு. சூட்டைத் தடுக்கும் காப்பு மேலே இருந்தால்தான் கான்கிரீட்டே அவ்வளவாகச் சூடாகாது. சோலார் பேனல் கூரைக்கு நிழல் தரும், நல்லதுதான். ஆனால் “சோலார் போட்டாச்சு, இனி ஏசியை 18 டிகிரியில் ஓட்டலாம்” என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

அந்த 18க்கும் ஒரு வார்த்தை. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில், இருக்கும் வெப்பம் இதமாக இருக்கிறதா என்று கேட்டு 6,000க்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டினார்கள். ஜன்னலும் ஃபேனுமாக வேலை செய்து பழகியவர்களுக்கு, ஏசியிலேயே இருப்பவர்களைவிட அதிகமான வெப்பமும் இதமாகவே இருந்தது. இப்படிப் பழக்கத்தைக் கணக்கில் எடுத்து இதமான வெப்பத்தை முடிவுசெய்யும் முறை 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. ஏசியை 26இல் வைத்து ஃபேனை ஓட விடுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு என்னைத் திட்டலாம்.

எட்டாவது வீட்டில் தட்டி கட்டியாயிற்று. மாடிப் பூச்சு மட்டும் நிற்கிறது. மாடி பொது இடமாம், செலவைக் கடைசி மாடிக்காரரே ஏற்க வேண்டுமாம், அனுமதி மட்டும் அசோசியேஷன் கூட்டத்தில்தானாம். தயவுசெய்து இந்தப் பேச்சைத் தை மாதமே முடித்துவிடுங்கள். மாசியில் வெயில் தணிவாக இருக்கும், தளமும் காய்ந்திருக்கும். சித்திரையில் கூப்பிட்டால் பூச்சு அடிக்க ஆள் கிடைக்காது, நானும் பதினைந்தாவது வீட்டில் இருப்பேன்.