பலகை இடுக்கில் கடல் ஏன் நுழைவதில்லை?

பிள்ளைகள் தொட்டுச் செய்து பார்க்கிற மாதிரி படகு கட்டும் கலைக்கு ஒரு காட்சியகம் வைத்தால் முதலில் எதை வைக்கலாம் என்று தொண்டியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் பாய்மரக் கப்பல் பொம்மை வேண்டாம். இரண்டு பலகை, கொஞ்சம் பஞ்சுத்திரி, ஒரு தண்ணீர்த் தொட்டி போதும்.

படகு மிதப்பதற்குக் காரணம் பள்ளியில் படித்ததுதான்: அது விலக்கும் நீரின் எடை படகின் எடைக்குச் சமம். ஏரா என்னும் அடிமரம் போட்டு, வங்கு என்னும் விலாக்கட்டைகளை நிறுத்தி, பலகை அடிப்பதும் பார்த்தாலே விளங்கும். எனக்குப் பிடித்தது பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு.

பாம்பன், மண்டபம் பக்கம் கரையேற்றிய மரப்படகு இருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். இடுக்கு வெளியே அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். அதில் பஞ்சுத்திரியை மழுங்கிய உளியால் தட்டி இறக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார்கள். இதுதான் கலப்பத்து. கடல் அழுத்த அழுத்த, திரி குறுகிய பக்கம் நெருங்கி இன்னும் இறுகும்.

மிச்சத்தை மரமே பார்த்துக்கொள்கிறது. மரத்தின் செல் சுவர்களில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் கிடக்கின்றன. தண்ணீர் அவற்றுக்கு நடுவே புகுந்து ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலக்கும். கோரைக் கட்டுக்குள் இன்னும் நாலு கோரையைச் செருகினால் கட்டு பருக்குமே தவிர நீளாது, அப்படித்தான். நன்றாகக் காய்ந்த மரம் முழுக்க ஊறினாலும் நீளத்தில் பொதுவாக 0.3 சதவீதம்கூட அதிகரிக்காது. அகலத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை விரியலாம், அதனால் பலகைகள் நெருங்கி இடுக்கு இறுகும். உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதம் ஈரம் சேர்ந்ததும் விரிவு நின்றுவிடும். பஞ்சும் செல்லுலோஸ்தான் என்பதால் அதுவும் ஊறி உப்புகிறது. சரி, பஞ்சுக்குப் பதில் கெட்டியான எதையாவது அடைத்தால்? விரியும் பலகைக்கு இடமில்லாமல் ஆணி பிடுங்கிக்கொள்ளும், வங்கும் விரிசல் விடலாம். பஞ்சு நசுங்கி வழிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் காய்கிற மர விசைப்படகு, மறுபடி இறங்கியதும் கொஞ்சம் கசிவதும் பிறகு தானே அடங்குவதும் இதனால்தான். அதைச் சகுனம் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

ராமேஸ்வரத்தில் தன் தந்தை மரப்படகு கட்டியதையும், விறகுத் தீயின் சூட்டில் மரத்தைப் பதப்படுத்தியதையும் சிறு வயதில் பார்த்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். ஃபைபர் படகுகள் வந்தபின் அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் குறைந்துவிட்டது. கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஓடாவிகளை, அதாவது படகு கட்டும் தச்சர்களை, சம்பளம் கொடுத்துப் பள்ளிகளுக்கு அழைத்து வர வேண்டும். அரசு இதற்குத் தயங்கவே கூடாது.

அதுவரை ஆசிரியை இப்படிச் செய்யலாம். நன்றாகக் காய்ந்த தேக்கு ஒன்று, வேம்பு ஒன்று. இரண்டின் நீள அகலத்தையும் பிள்ளைகளே அளந்து எழுதட்டும். அப்புறம் இரண்டு வாரம் தொட்டியில் ஊறவைத்து மறுபடி அளக்கட்டும்.