அம்புப் படம் வேண்டாம், அட்டவணையே போதும்: எலக்ட்ரான் அமைப்பைப் படித்தறியும் முறை

செலினியத்தின் எலக்ட்ரான் அமைப்பை எழுதச் சொன்னதும் பெரும்பாலான மாணவர்கள் தாளின் ஓரத்தில் 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ் என்று அடுக்கி, அவற்றின் குறுக்கே சாய்வாக அம்புகளை இழுக்கத் தொடங்குகிறார்கள். ஓர் அம்பு இடம் மாறினால் விடை முழுவதும் கெட்டுவிடும். கெட்டது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. சரிபார்த்துக்கொள்ள அந்தப் படத்தில் எதுவும் இல்லை. எலக்ட்ரான்கள் எந்த வரிசையில் நிரம்புகின்றன என்பதைத் தனிம வரிசை அட்டவணையின் வடிவமே காட்டுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அம்புப் படம் தேவையே இல்லை. ஆசிரியர்களும் அதை முதலில் சொல்லித்தராமல் இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அட்டவணையின் அகலங்களைக் கவனியுங்கள். இடது ஓரத்தில் 2 நெடுவரிசைகள், வலப்பக்கம் 6, நடுவில் 10, கீழே தனியாகப் பிரித்து அச்சிட்ட பகுதியில் 14. எலக்ட்ரான் கூடுகளின் உட்பிரிவுகளான எஸ், பி, டி, எஃப் துணைக்கூடுகள் ஒவ்வொன்றும் கொள்ளும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை இதுதான். எஸ் துணைக்கூட்டில் ஓர் ஆர்பிட்டால் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடம்), பி-யில் 3, டி-யில் 5, எஃப்-இல் 7. ஓர் ஆர்பிட்டாலில் எதிரெதிர்ச் சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. 1925-இல் வுல்ஃப்காங் பௌலி வகுத்த தவிர்க்கை விதியிலிருந்து இது வருகிறது. ஆக, இரண்டால் பெருக்கினால் 2, 6, 10, 14. தொடர்கள் எனப்படும் கிடைவரிசைகளின் நீளங்களும் இவற்றைக் கூட்டிக் கிடைப்பவையே: 2, 8, 8, 18, 18, 32, 32. எல்லாம் சேர்ந்தால் 118, இன்றுவரை பெயரிடப்பட்டுள்ள தனிமங்களின் எண்ணிக்கை.

மென்டலீவ் 1869-இல் தம் அட்டவணையை வெளியிட்டபோது எலக்ட்ரான் என ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தது 1897-இல்தான். அணு நிறையையும் வேதிப்பண்புகளையும் மட்டும் வைத்து அடுக்கியது எலக்ட்ரான் அடுக்கோடு பொருந்திப்போனது தற்செயல் அல்ல. வேதிவினையில் ஈடுபடுபவை வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள். பண்புகள் மீண்டும் வரும் இடங்களில் வெளிக்கூட்டு அமைப்பும் மீண்டும் வருகிறது. அணு நிறை மட்டும் ஓரிரு இடங்களில் உதைத்தது. ஆர்கான் பொட்டாசியத்தைவிடச் சற்றுக் கனமானது. நிறைப்படி அடுக்கினால் வினைபுரியாத அந்த வாயு கார உலோகங்களின் நெடுவரிசையில் போய் உட்கார்ந்துவிடும். 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர் அளவீடுகளால் அணு எண்ணை நிலைநாட்டிய பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது. அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. மின்சுமையற்ற அணுவில் எலக்ட்ரான்களும் அத்தனையே. அதனால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வது ஓர் எலக்ட்ரானைக் கூட்டுவதாகிறது.

இனி முறைக்கு வருவோம். ஹைட்ரஜனில் விரலை வைத்து இடமிருந்து வலமாக, தொடர் தொடராக நகருங்கள். ஒரு பகுதியை முழுதாகக் கடந்தால் அந்தத் துணைக்கூடு நிரம்பிவிட்டது. நடுவில் நின்றால், அந்தப் பகுதியில் எத்தனையாவது கட்டத்தில் நிற்கிறீர்களோ அதுவே கடைசித் துணைக்கூட்டிலுள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. துணைக்கூட்டின் பெயருக்கு முன்னால் எழுதும் கூட்டு எண்ணுக்கு விதி எளிது: எஸ், பி பகுதிகளில் தொடர் எண்ணே, டி பகுதியில் அதிலிருந்து 1 குறைவு, எஃப் பகுதியில் 2 குறைவு.

செலினியத்தின் அணு எண் 34, இருப்பது 4-ஆம் தொடரில். அதற்கு முன் முடிந்த மந்த வாயு ஆர்கான், அதில் 18 எலக்ட்ரான்கள். 4-ஆம் தொடரில் எஸ் பகுதியின் இரண்டு கட்டங்களைக் கடந்தால் 4எஸ்² (மேலே உள்ள சிறு எண் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை). டி பகுதியின் பத்தையும் கடந்தால் 3டி¹⁰. பி பகுதியில் செலினியம் நான்காவது கட்டம், ஆகவே 4பி⁴. விடை: [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி⁴. இப்போது கூட்டிப் பாருங்கள், 18 + 10 + 2 + 4 = 34. இந்தக் கூட்டலை ஒருபோதும் விடாதீர்கள். ஐந்து நொடிகூட ஆகாது. விடுபட்ட துணைக்கூட்டை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஈயத்துக்கு, அதாவது அணு எண் 82-க்கு, இதே வழியில் [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்² 6பி² வரும். 54 + 14 + 10 + 2 + 2 = 82. அம்புப் படத்தை நம்பியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், 4எஃப்-ஐ மறந்துவிடுவார்கள். அட்டவணையில் விரலை நகர்த்துபவர் மறக்க வாய்ப்பு குறைவு. பேரியத்தின் எண் 56, ஹாஃப்னியத்தின் எண் 72. நடுவில் எண்கள் தாவுவது கண்ணில் படும், விரல் தானாகக் கீழ்ப்பகுதிக்கு இறங்கும். இன்னொன்றும் இந்த அமைப்பில் தெரிகிறது. ஈயம் 6பி² எலக்ட்ரான்களை மட்டும் இழந்து +2 நிலையில் நிற்பதையே விரும்புகிறது. 6எஸ்² எலக்ட்ரான்களை அணுக்கரு இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதே தொகுதியின் (நெடுவரிசையின்) மேலேயுள்ள சிலிக்கானுக்கு இந்தத் தயக்கம் கிடையாது, +4 அதற்கு இயல்பு.

விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை, செலினியத்துக்கு 4டி¹⁰ என்று எழுதுவது. நான்காம் தொடரில் இருப்பதால் எல்லாம் நான்காம் கூடு என்ற எண்ணம்தான் காரணம். மூன்றாம் கூடு 18 எலக்ட்ரான்கள் வரை ஏற்கும், ஆனால் மூன்றாம் தொடரில் 8 தனிமங்களே உள்ளன. மீதி 10 இடங்கள் 3டி-யில் காலியாக இருக்கும்போதே 4எஸ் நிரம்பத் தொடங்குகிறது. 4எஸ் எலக்ட்ரான் உள்கூடுகளை ஊடுருவி அணுக்கருவின் ஈர்ப்பை நேரடியாக உணர்வதால், பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் அதன் ஆற்றல் 3டி-யைவிடக் குறைவு. அதனால் 3டி-யின் பத்து இடங்கள் ஒரு தொடர் தாமதமாக, ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை நிரம்புகின்றன. சிறு வகுப்புகளில் 2, 8, 8, 1 என்று பொட்டாசியத்துக்கு வட்டம் போட்டுக் காட்டும்போது ‘மூன்றாம் கூட்டில் 8 தான் அதிகபட்சம்’ என்று சொல்லிவிட்டால், மேல்வகுப்பில் அதைக் களைவது மிகக் கடினம். ‘இப்போதைக்கு 8-இல் நிறுத்துகிறோம், அதில் இன்னும் இடம் இருக்கிறது’ என்று சொன்னால் போதும்.

ஹீலியம் பி பகுதியின் உச்சியில் அச்சிடப்பட்டிருந்தாலும் அதன் அமைப்பு 1எஸ்². முதல் கூட்டில் பி துணைக்கூடு கிடையாது. பண்பால் மந்த வாயு என்பதால் அங்கே வைத்திருக்கிறார்கள். கீழ்ப்பகுதியில் சில அட்டவணைகள் வரிசைக்கு 15 கட்டங்கள் காட்டும். அதைப் பார்த்து எஃப்-இல் 15 எலக்ட்ரான்கள் என்று எண்ணிவிட வேண்டாம். லாந்தனம், லுட்டீசியம் இரண்டில் எதை டி பகுதியில் வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால் இரண்டையும் கீழே அச்சிடுகிறார்கள். எஃப் பகுதியின் அகலம் எப்போதும் 14.

இந்தப் பதினான்கை நம்பி ஒரு தனிமமே கண்டுபிடிக்கப்பட்டது. அணு எண் 72-க்கான இடம் நெடுங்காலம் காலியாக இருந்தது. அதை அட்டவணையின் கீழ்ப்பகுதியிலுள்ள அருமண் தனிமங்களில் ஒன்றாகக் கருதி அருமண் தாதுக்களில் தேடினார்கள். நீல்ஸ் போரின் கணிப்பு வேறு. 71-லேயே 4எஃப் நிரம்பிவிட்டது, ஆகவே 72 டி பகுதியைச் சேர்ந்தது, சிர்க்கோனியத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். கோபன்ஹேகனில் டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் டி ஹெவெஸியும் சிர்க்கோனியத் தாதுக்களை எக்ஸ் கதிர் நிறமாலையால் ஆராய்ந்தபோது அது அங்கே இருந்தது. 1923-இல் ஹாஃப்னியம் அறிவிக்கப்பட்டது.

எலக்ட்ரான்களை இழந்த அயனிகளில் விரலைப் பின்னோக்கி நகர்த்தக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். Fe என்று குறிக்கப்படும் இரும்பு [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்². மூன்று எலக்ட்ரான்களை இழந்தால், கடைசியில் நிரம்பியவை முதலில் போகும் என்று கருதி 3டி³ 4எஸ்² என்று எழுதுகிறார்கள். சரியான விடை 3டி⁵. இழப்பு எப்போதும் மிகப் பெரிய கூட்டு எண்ணிலிருந்து, அதாவது 4எஸ்-இலிருந்து தொடங்கும். ஸ்காண்டியம் தொடங்கி அணுக்கருவின் மின்சுமை கூடக் கூட 3டி உள்ளிழுக்கப்பட்டுவிடுகிறது, 4எஸ் வெளியே நீண்டிருக்கிறது. எது சரி என்று, காந்தத்தன்மையின் அளவான காந்தத் திருப்புத்திறனே காட்டிவிடும். இணையில்லாத தனித்த எலக்ட்ரான்கள் 5 என்றால் கணக்கிட்ட மதிப்பு √35, ஏறத்தாழ 5.92 போர் மேக்னட்டான் (காந்தத் திருப்புத்திறனின் அலகு). 3 என்றால் 3.87 தான். இரும்பின் +3 நிலை உப்புகள் பலவற்றில் அளந்து கிடைப்பது 5.9-ஐ ஒட்டியே இருக்கிறது. இந்தப் பிழையைத் தவிர்க்க ஒரு சிறு பழக்கம் உதவும்: நிரம்பும் வரிசையில் கண்டுபிடியுங்கள், ஆனால் கூட்டு எண் வரிசையில், 3டி-யை முன்னும் 4எஸ்-ஐப் பின்னுமாக எழுதுங்கள். வலக்கோடியில் உள்ளதை முதலில் நீக்கினால் தவறாது. செலினியம் போன்றவற்றிலும் 4பி முதலில், பிறகு 4எஸ் என்று அதே வழி செல்லும்.

வெளிக்கூட்டு எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் தொகுதி எண்ணே சொல்லிவிடும். 1, 2-ஆம் தொகுதிகளில் அப்படியே. 13 முதல் 18 வரை 10-ஐக் கழிக்க வேண்டும், ஹீலியம் மட்டும் விலக்கு. அயனியாக்கும் ஆற்றல் (ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்) தரவைக் கொடுத்துத் தனிமத்தைக் கேட்கும் கணக்குகளுக்கும் இதுவே திறவுகோல். ஒரு மோலுக்கு 738, 1451, 7733 கிலோஜூல் என்று மூன்று மதிப்புகள் தரப்பட்டால், மூன்றாவதில் உள்ள பாய்ச்சலைப் பாருங்கள். இரண்டு எலக்ட்ரான்கள் எளிதில் போயின, மூன்றாவது உள்கூட்டிலிருந்து பிடுங்கப்படுகிறது. ஆகவே 2-ஆம் தொகுதி. இந்த மதிப்புகள் மெக்னீசியத்துடையவை. சோடியத்தில் அதே பாய்ச்சல் 496-இலிருந்து 4562-க்கு, இரண்டாவதிலேயே வந்துவிடும். நைட்ரஜனுக்கு 1402, அடுத்த ஆக்சிஜனுக்கு 1314 என்று மதிப்பு இறங்குவதையும் கட்டங்களைப் பார்த்தே விளக்கலாம். நைட்ரஜன் பி பகுதியின் மூன்றாம் கட்டம், மூன்று ஆர்பிட்டால்களிலும் ஒவ்வொன்று. நான்காவது ஏற்கெனவே ஓர் எலக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டாலில் நுழைய வேண்டும், அந்த விலக்கலால் எளிதில் வெளியேறுகிறது.

விரல் முறை தவறும் இடங்களும் உண்டு, எல்லாம் டி, எஃப் பகுதிகளில்தான். குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹. இவற்றுக்குப் ‘பாதி நிரம்பியதும் முழுதும் நிரம்பியதும் நிலையானவை’ என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுவது வழக்கம். அந்த வரியைப் பொதுவிதியாக எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் ஏமாற்றமே. குரோமியத்துக்குக் கீழேயுள்ள மாலிப்டினம் 4டி⁵ 5எஸ்¹ என்று அதைப் பின்பற்றுகிறது. அதற்கும் கீழேயுள்ள டங்ஸ்டனோ 5டி⁴ 6எஸ்² என்று சாதாரணமாகவே இருக்கிறது. நையோபியம் 4டி⁴ 5எஸ்¹, பாதியும் இல்லை முழுதும் இல்லை. பல்லேடியத்தில் 4டி¹⁰ மட்டுமே, 5எஸ் காலி. எஸ், டி ஆற்றல்கள் நெருங்கியிருக்கும்போது எலக்ட்ரான்களுக்கிடையிலான விலக்கலும் பரிமாற்ற ஆற்றலும் (ஒரே திசைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான்களால் கிடைக்கும் நிலைப்பு) சேர்ந்து தனிமத்துக்குத் தனிமம் முடிவை மாற்றுகின்றன. இவற்றை மட்டும் பட்டியலாக நினைவில் வைப்பதே நேர்மையான வழி. அப்போதும் டி பகுதியில் ஒரு சரிபார்ப்பு கைகொடுக்கும்: டி, எஸ் இரண்டின் கூட்டுத்தொகை தொகுதி எண்ணுக்குச் சமம். குரோமியத்தில் 5 + 1 = 6, டங்ஸ்டனில் 4 + 2 = 6, பல்லேடியத்தில் 10 + 0 = 10.