ஜிஎஸ்டி: சிறு வியாபாரிகள் கேட்காமல் விடும் வரி வரவு

சரக்கு எடுக்கும்போது கட்டுகிற ஜிஎஸ்டி போனது போனதுதான் என்று பல சிறு வியாபாரிகள் நினைக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டும் ரெகுலர் முறையில் பதிவு செய்திருந்தால் அது உங்கள் பணம். 1 லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுத்து 18 சதவீதம், அதாவது 18,000 வரி கொடுத்தீர்கள். அதையே 1,30,000-க்கு விற்று 23,400 வசூலித்தீர்கள் என்றால், நீங்கள் கட்ட வேண்டியது 5,400 மட்டுமே. இதுதான் உள்ளீட்டு வரி வரவு, எல்லோரும் சொல்லும் 'இன்புட்'.

விற்கிற சரக்குக்கு மட்டும்தான் என்று இல்லை. தொழிலுக்கு வாங்கிய கம்ப்யூட்டர், எடை மெஷின், ஆடிட்டர் ஃபீஸ், ஜிஎஸ்டி சேர்த்து வரும் கடை வாடகை, இவற்றுக்கும் எடுக்கலாம். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிரிண்டர் வாங்கப் போன இடத்தில் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்காமல் வெறும் பெயரில் பில் போட்டுக்கொண்டு வந்தால், அந்த வரி உங்கள் கணக்குக்கு வரவே வராது. எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் இதே கதிதான்.

அதனால் மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும் ஜிஎஸ்டிஆர் 2பி-யை, அதாவது உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலைத் திறந்து, கையில் இருக்கும் கொள்முதல் பில்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 ஜனவரி முதல், விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டி, உங்கள் 2பி-யில் வந்த பில்லுக்குத்தான் வரவு. வரவில்லை என்றால் உடனே அவருக்கு போன் போடுங்கள். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள், விட்டுப்போன பில் உங்களுக்குத்தான் தெரியும்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கியது, வரியில்லாத பொருளை விற்பதற்காக வாங்கியது, திருட்டுப்போன அல்லது இலவசமாகக் கொடுத்த சரக்கு, இவற்றுக்குக் கிடையாது. முதலாளி ஓட்டும் காருக்கும் பொதுவாகக் கிடையாது, சரக்கு வண்டிக்கு உண்டு. மெஷினுக்குக் கட்டிய வரியையும் சேர்த்து வருமான வரியில் தேய்மானம் காட்டிவிட்டால் அதற்கும் இல்லை.

கடனுக்கு எடுப்பவர்கள் கவனிக்க: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் செட்டில் செய்யாவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், 2025-26 நிதியாண்டு பில்லுக்கு 2026 நவம்பர் 30 அல்லது ஆண்டு ரிட்டர்ன் போடும் நாள், இதில் எது முந்தியோ அதுதான் கெடு.

விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்த வரவு எதுவும் இல்லை. வரி விகிதம் குறைவு என்று அதில் சேரும் முன், கொள்முதலில் எவ்வளவு வரி போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் விற்பனை வரம்பை இப்போதுதான் தாண்டியவர் என்றால் 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அப்போதுதான் ஏற்கெனவே கடையில் இருக்கும் சரக்குக்குக் கட்டிய வரியையும், பில் ஒரு வருடத்துக்குள் இருந்தால், ஐடிசி-01 படிவத்தில் கேட்டு வாங்க முடியும்.