கடையில் க்ரீம், வீட்டில் வெண்ணெய்

வேளச்சேரி வாசகி ஒருவர் கேட்கிறார்: "பெயிண்ட் கடை ஷேட் கார்டில் லேசான ஆஃப் ஒயிட்டாகத்தான் இருந்தது. ஹாலில் இரண்டு கோட் அடித்ததும் மஞ்சளாகிவிட்டது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?"

இருக்காது. உங்கள் ஹால்தான் மஞ்சளைக் கூட்டியிருக்கிறது.

பெயிண்டின் வெள்ளைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கான மூலத்தாதுகளில் ஒன்றான இல்மனைட் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. அந்த வெள்ளையில் கடைக்காரரின் டின்டிங் மெஷின் மஞ்சள் ஆக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடும். அது இரும்புத் துருவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒளியிலுள்ள நீலத்தில் கொஞ்சத்தை அது விழுங்கிவிடுவதால், திரும்பி வரும் வெளிச்சம் இதமாகத் தெரிகிறது. இதுவரை பள்ளிப் பாடம்தான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கார்டில் பட்ட ஒளி ஒரே ஒருமுறை பட்டுத் தெறித்து நம் கண்ணுக்கு வந்துவிடும். அறைக்குள் அப்படி இல்லை. இந்தச் சுவரில் பட்டது எதிர்ச்சுவருக்குப் போகும், அங்கிருந்து கூரைக்கு, மறுபடி சுவருக்கு. ஒவ்வொரு முறையும் நீலத்துக்கு வரி கட்டியாக வேண்டும். உதாரணமாக, உங்கள் நிறம் மஞ்சள், சிவப்பு ஒளியில் 100-க்கு 85-ஐயும் நீலத்தில் 70-ஐயும் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். இரண்டாம் தெறிப்பில் அது 72-க்கு 49. மூன்றாவதில் 61-க்கு 34. கார்டில் லேசாகத் தெரிந்த வித்தியாசம் மூன்றே தெறிப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஜன்னலும் தரையும் சோபாவும் இடையில் கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடுவதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் போகும் திசை இதுதான். மஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி பல்பு வேறு மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு நேரெதிரான வித்தை அந்தக் காலத்து வெள்ளையடிப்பவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பில் லேசாக நீலம் கலப்பார்கள். மஞ்சள் பூத்த சுவர் பளீரென்று நிற்கும். கண்ணை ஏமாற்றும் கணக்கை அவர்கள் கைப்பழக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.

வடகிழக்குச் சுவருக்கு இந்த நிறம் ஆகாது என்று வாஸ்துக்காரர் சொன்னதாகவும் அந்த வாசகி எழுதியிருக்கிறார். திசை பார்க்கத்தான் வேண்டும், எந்த ஜன்னல் வழியாக எப்போது வெயில் வருகிறது என்பதற்காக. அதற்குத் தட்சணை தேவையில்லை. மேற்கு ஜன்னலோரம் மாலை நாலரை மணிக்குப் போய் நின்றாலே போதும்.

எங்கள் வீட்டுக்கு வந்த பெயிண்டர், நான் தேர்ந்தெடுத்த நிறத்தைப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒரு ஷேட் கம்மியா எடுங்க, அடிச்சா ஏறிடும்" என்றார். நான் நம்பவில்லை. அவர் அதே கார்டை நடுவில் புத்தகம் போல் மடித்து, பாதி திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். மடிப்பின் உள்ளே, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும் இடத்தில், அதே நிறம் வெண்ணெயாக உருகிக் கிடந்தது.